வாசல் பாத்தி

"சாமி, செடியில பூச்சி விழுந்தா வேப்பெண்ணெய் அடிக்கலாம். பிள்ளைங்க தோட்டத்துக்குள்ள வரமாட்டேன்னா என்னத்தை அடிக்கிறது?"

அருணகிரி இப்படிக் கேட்டபோது சோற்றுச்சாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைங்களையா?" என்றார்.

"ஐயோ, அடிக்கிறதுன்னா அடிக்கிறது இல்ல சாமி. வழி கேக்கிறேன்."

"வழியா? வழியில உக்காந்திருக்கே. கொஞ்சம் தள்ளி உக்காரு."

செய்யாற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் மதியம் யார் போனாலும் சோறு உண்டு. சமைப்பதும் சாமிதான், பரிமாறுவதும் சாமிதான். அதனால்தான் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வயதில் அருணகிரிக்கு இளையவர். ஆனாலும் 'வாப்பா, போப்பா' என்றுதான் பேசுவார். காவி கட்டியவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு.

அருணகிரி பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். ஒரு பஸ் தாமதமாக வந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்ட மனிதர் தோட்டம் போட்டால் எப்படி இருக்கும்? கயிறு பிடித்து வரிசை. வரிசைக்கு வரிசை செங்கல். கத்தரி, வெண்டை, மிளகாய் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கைகட்டி நிற்கும். ஒரு புல் தலை நீட்டினால் பொழுது சாய்வதற்குள் அதற்குக் காரியம் முடிந்துவிடும்.

"அருணகிரி தோட்டத்துல புல்லு முளைக்கணும்னா மனு போடணும்" என்று ஊரில் சொல்வார்கள். அதில் பாதி கேலி, பாதி பொறாமை. அவர் காதில் பொறாமை மட்டும்தான் விழும்.

"என் தோட்டத்தைப் பார்க்க வெளியூர்ல இருந்தெல்லாம் வர்றாங்க சாமி. நான் பெத்ததுங்க ஜன்னல்ல எட்டிப் பாக்கிறதோட சரி."

"கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேனே! எவ்வளவு பொறுமையா சொல்லிக் கொடுத்தேன் தெரியுமா? பொண்ணு பூங்கோதை அவரை விதை ஊனினா. ஆழம் பத்தாது. நானே தோண்டி எடுத்து, நானே சரியா ஊனிக் கொடுத்தேன்."

"ம்."

"சின்னவன் மாறன் தண்ணி ஊத்தினான். வேருக்கு ஊத்தாம இலைக்கு ஊத்தறான். பைப்பை வாங்கி நானே ஊத்திக் காமிச்சேன்."

"ம்."

"முதல் வெண்டைக்காய் வந்துச்சு. பறிக்க ரெண்டும் ஓடி வந்துச்சுங்க. இழுத்துச் செடியை ஒடிச்சிடுவாங்கன்னு நானே பறிச்சுக் கையில கொடுத்தேன். இதுக்கு மேல ஒரு அப்பன் என்ன செய்வான்?"

"பாவம்," என்றார் சாமி.

யாரை என்று சொல்லவில்லை.

அருணகிரிக்குக் குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஞாயித்துக்கிழமையானா பக்கத்து வீட்டுல குடும்பமே உக்காந்து டி.வி. பாக்குது சாமி. என் வீட்டுல குடும்பமே மண்ணுல உக்காரணும்னு எனக்கு ஆசை. சேறும் சகதியுமா, நாலு பேரும். அது நடக்கலைன்னா அந்தத் தோட்டத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

சாமி உரித்த வெங்காயத்தை அள்ளிக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்கு வா. சமையலுக்குக் கை கொடு."

*

மடத்து அடுப்படிக்குள் சாமி யாரையும் விட்டதில்லை. பெரிய பெரிய பக்தர்கள்கூட வாசற்படியோடு சரி.

அருணகிரி இதை மனைவி வேதவல்லியிடம் சொன்னார். டீக்கடையில் சொன்னார். போளூர் பஸ் டிரைவரிடம் சொன்னார். பஸ் அன்றைக்குத் தாமதமாகப் புறப்பட்டது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

மறுநாள் குளித்து, திருநீறு பூசி, தன் தோட்டத்துக் கத்தரிக்காயை ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு போய் நின்றார்.

"நறுக்கு," என்றார் சாமி.

நறுக்கினார்.

சாமி பார்த்தார். கத்தியை வாங்கினார். நறுக்கிய துண்டுகளையே மறுபடி நறுக்கினார்.

"இப்படி."

"ரெண்டும் ஒண்ணுதானே சாமி?"

"இப்படி."

கொதி வந்தது.

"உப்புப் போடு."

அருணகிரியின் கை ஜாடிக்குள் போனது. சாமி அந்தக் கையைப் பிடித்து வெளியே எடுத்தார். உள்ளங்கையில் இருந்த உப்பைத் தட்டிவிட்டார். தானே அள்ளிப் போட்டார்.

"கிண்டு."

கரண்டி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் அது சாமியின் கைக்குப் போய்விட்டது.

"அப்படி இல்லப்பா. நீ பார்த்துக்கிட்டு இரு. பார்த்தாலே கத்துக்கலாம்."

அருணகிரி பார்த்துக்கொண்டிருந்தார். சுவரைப் பார்த்தார். விறகைப் பார்த்தார். கரி படிந்த கூரையில் ஒரு பல்லி இருந்தது, அதையும் பார்த்தார்.

பந்தி போட்டாயிற்று. சாம்பார் மணத்தது.

"அமிர்தம் சாமி!" என்றார் ஒரு பெரியவர்.

"நான் வச்சதாச்சே," என்றார் சாமி.

"கத்தரிக்காய் வெண்ணெயா கரையுது."

"நான் நறுக்கினதாச்சே."

"அங்க உக்காந்திருக்காரே, அவர் யாரு?"

"அவரா? சும்மா வந்தாரு."

பந்தியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அருணகிரி பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்தார். கத்தரிக்காய் யாருடையது என்று எழுந்து நின்று கத்தலாமா என்றுகூட அவருக்கு இருந்தது. மடம் என்பதால் மென்று விழுங்கினார்.

*

அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாமியே வீட்டு வாசலில் வந்து நின்றார். அருணகிரி தனியாக மிளகாய்ச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா வரல?"

"இடுப்புப் பிடிப்பு சாமி."

"குனிஞ்சுகிட்டு இருக்கியே."

அருணகிரி நிமிர்ந்தார். மறைக்க முடியவில்லை.

"கோவிச்சுக்காதீங்க சாமி. அது உங்க அடுப்படி. உங்க கரண்டி. நான் தொட்டா தப்பு, தொடலைன்னா சும்மா. அங்க வந்து நான் என்ன பண்றது?"



சாமி தலையைத் தூக்கி, அருணகிரியின் தோளுக்கு மேலே எதையோ பார்த்தார். பார்த்துக்கொண்டே கையை உயர்த்தி ஆட்டினார். யாரையோ தெரிந்தவரைப் பார்த்ததுபோல ஒரு சிரிப்பு.

அருணகிரி திரும்பினார்.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பூங்கோதையும் மாறனும் நின்றிருந்தார்கள். மாறன் சாமிக்குக் கை ஆட்டினான். அப்பா திரும்பியதைப் பார்த்ததும் கை இறங்கியது. அடுத்த நொடி ஜன்னலில் யாரும் இல்லை.

அருணகிரி நெடுநேரம் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசல் பக்கம் திரும்பினால் சாமியும் இல்லை.

*

வாசல் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுகிற பாத்திதான் அந்தத் தோட்டத்துக்கு முகம். அதில் அருணகிரி தன் கத்தரியை வைத்திருந்தார். மறுநாள் காலையில் அந்தச் செடிகளை எல்லாம் பெயர்த்துப் பின்பக்கம் கொண்டுபோனார். மண்ணைக் கொத்தினார். பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

"இது உங்க பாத்தி."

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"என்ன நடணும்?" என்றாள் பூங்கோதை.

"உங்க இஷ்டம்."

"எங்க நடணும்?"

"அதுவும்."

"நட்டப்புறம் பிடுங்குவீங்களா?"

அருணகிரிக்குச் சுருக்கென்றது.

"மாட்டேன்."

"சாமி மேல சத்தியம்?" என்றான் மாறன்.

"எந்த சாமி?"

"சோத்துச்சாமி."

"சத்தியம்," என்றார் அருணகிரி.

வேதவல்லி துணி காயப்போடுகிற சாக்கில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "இந்தச் சத்தியம் எத்தனை நாளைக்குத் தாங்குதுன்னு பார்க்கலாம்" என்று வேட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

*

தாங்கியது. ஆனால் அவர் பட்ட பாடு இருக்கிறதே!

பூங்கோதை பாத்தியின் நடுவில் வட்டமாகச் செண்டுமல்லி வைத்தாள். வட்டம்! அந்தத் தோட்டத்தில் அதுவரை கோணல் என்றே ஒன்று இருந்ததில்லை. மாறன் நிலக்கடலையை ஊன்றிவிட்டு, முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்த்தான். தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான்.

அருணகிரி உதட்டைக் கடித்தார். நாக்கைக் கடித்தார். ஒரு நாள் துண்டைக்கூடக் கடித்தார்.

"பல்லு தேஞ்சிடப் போவுது," என்றாள் வேதவல்லி.

"தோண்டித் தோண்டிப் பாக்கிறான் வேதா. எப்படி முளைக்கும்?"

"நீங்களும் பொண்ணு ஊனின அவரை விதையைத் தோண்டினீங்க. ரத்தம் அப்படி."

பூங்கோதை சமையலறை டப்பாவிலிருந்து ஒரு பிடி கொத்தமல்லி விதையை எடுத்துத் தூவியிருந்தாள். நாள் போயிற்று. ஒன்றும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அருணகிரிக்குத் தெரியும். அந்தக் காரணம் அவர் தொண்டை வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனது.

ஒரு நாள் சாயங்காலம் அவள் மெதுவாக அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, ஏன் முளைக்கல?"

அவள் தோட்டத்தைப் பற்றி அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. அருணகிரிக்குள் ஒரு பெரிய பிரசங்கமே எழுந்து நின்று தொண்டையைச் செருமியது. அதை உட்காரவைத்தார்.

"அது முழுசா இருக்கு பாரு. உள்ள ரெண்டு பேர் இருக்காங்க. பிரிச்சு விட்டா சீக்கிரம் வருவாங்க."

"எப்படிப் பிரிக்கிறது?"

"உன் செருப்பைக் கொண்டா."

"செருப்பா!"

விதையைத் தரையில் கொட்டி, செருப்பை வைத்து லேசாகத் தேய்த்தால் இரண்டாக உடையும். அவர் ஒரு தேய்ப்புத் தேய்த்துக் காட்டிவிட்டு, செருப்பை அவளிடம் கொடுத்தார். திரும்ப வாங்கவில்லை.

மாறன் ஓடிவந்தான். தானும் தேய்ப்பேன் என்றான். வேதவல்லி, "அடுப்படிச் சாமானை செருப்புல தேய்க்கிற கூத்து எங்கயாவது உண்டா" என்று திட்டிக்கொண்டே வந்தாள். பிறகு அவளும் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை, வெறும் வியாழக்கிழமை. நான்கு பேரும் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள்.

கொத்தமல்லி பச்சைப் பசேலென்று வந்தது. பூங்கோதை முதல் கொழுந்தைத் தானே கிள்ளி ரசத்தில் போட்டாள். அன்றைக்கு அருணகிரி ரசத்தை மட்டும் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

*

மாறனின் கடலை வரவில்லை. பாதியை அணில் தின்றது, பாதி அவன் தோண்டித் தோண்டிப் பார்த்ததில் செத்தது. அவன் மூலை வெறுமையாகக் கிடந்தது. அவன் முகமும் அப்படித்தான் கிடந்தது.

ஒரு மழைக்கு அப்புறம் ஒரு நாள் கத்தினான்.

"அப்பா! வந்துடுச்சு!"

அருணகிரி குனிந்து பார்த்தார். நாயுருவி.

தோட்டக்காரனுக்கு நாயுருவியைப் போல ஒரு ஜென்மப் பகை கிடையாது. ஒன்றை விட்டால் ஊரையே பிடிக்கும். அதன் கதிரில் ஒட்டியிருக்கும் முள் விதை, போகிற வருகிறவர்கள் துணியைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் போகும். அருணகிரியின் விரல்கள் தாமாகவே நீண்டன.

"நான் நடவே இல்லப்பா. தானா வந்துச்சு. யாரும் கூப்பிடலை. என் இடத்துக்குத் தேடி வந்துச்சு."

விரல்கள் மடங்கின.

"இது பேரு என்னப்பா?"

"நாயுருவி."

"நாயா? குரைக்குமா?"

"குரைக்காது. ஒட்டிக்கும்."

"நல்ல நாய்," என்றான் மாறன். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் அதற்குத்தான் முதல் செம்புத் தண்ணீர். செங்கல் அடுக்கி வேலி கட்டினான். உரம் தின்று, நீர் குடித்து, அந்த நாயுருவி வேறெங்கும் வளராத மாதிரி வளர்ந்தது. நீளமாகக் கதிர் விட்டது. அவன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக் கழற்றாமல் அதன் பக்கத்தில் போய் நிற்பான். அந்தப் பாத்தி முழுவதும் செழித்துத்தான் இருந்தது. ஆனாலும் கதவைத் திறந்தால் கண்ணில் படுவது நாயுருவிதான்.

*

ஊரில் தோட்டம் வைத்திருப்பவர்கள் சிலர் அவ்வப்போது யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். விதை மாற்றிக்கொள்வார்கள். அதைவிட அதிகமாகத் தம்பட்டம் அடித்துக்கொள்வார்கள். இந்தத் தடவை அருணகிரி வீட்டு முறை. சோற்றுச்சாமியையும் அழைத்திருந்தார்கள்.

அன்று காலையில் அருணகிரி வாசல் பாத்தி முன்னால் களைக்கொத்தும் கையுமாக நின்றார். நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

"பிடுங்கப் போறீங்களா?" என்றாள் வேதவல்லி.

"ராசமாணிக்கம் வர்றான் வேதா. என் தோட்டத்துல ஒரு புல்லாவது பாத்துடணும்னு வருஷக்கணக்கா விரதம் இருக்கான். வாசல்லயே இது நின்னா என் மானம் என்னாகும்?"

"பிடுங்குங்க. மானம் நிக்கும். பிள்ளை நிக்க மாட்டான்."

அருணகிரி கொத்தைக் கொண்டுபோய்க் குளியலறைக்குப் பின்னால் வைத்தார். கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து வைத்தார்.

எல்லோரும் வந்தார்கள். பூங்கோதை வாசலிலேயே உட்கார்ந்து, கொத்தமல்லியைச் செருப்பால் உடைக்கிற வித்தையைப் பெரியவர்களுக்குச் செய்து காட்டினாள். "அழுத்தக் கூடாது மாமா, லேசா. உள்ள ரெண்டு பேர் இருக்காங்க." சிரிக்காமல் சொன்னாள். பெரிய பெரிய ஆட்கள் சுற்றி நின்று தலையாட்டினார்கள்.

அருணகிரி கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். அவரை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. தன் கத்தரி அந்த வருஷம் எப்படிக் காய்த்தது என்று சொல்ல அவருக்கே மறந்துபோனது. பெருமையில் நெஞ்சு விம்மி, சட்டைப் பொத்தான் தெறிக்குமோ என்று இருந்தது.

மாறன் சாமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

"இதான் என் செடி."

சாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"யார் நட்டது?"

"யாரும் நடல. தானா வந்துச்சு. அப்பா இருக்கட்டும்னு விட்டுட்டாரு."

"யாரு? உங்கப்பாவா?"

"ஆமா."

சாமியின் புருவம் ஏறியது. அப்புறம் இறங்கவே இல்லை.

அப்போதுதான் ஜவுளிக்கடை ராசமாணிக்கம் தன் வெள்ளை வேட்டியைக் குனிந்து பார்த்தார். கரை ஓரமெல்லாம் முள் விதை. விதை வந்த வழியைக் கண்ணால் தேடினார். கண்டார். விரதம் முடிந்த சந்தோஷம் அவர் குரலில் கூத்தாடியது.

"அடடடா! எல்லாரும் இங்க வாங்க! அருணகிரி தோட்டத்துல நாயுருவி! தண்ணி ஊத்தி, வேலி கட்டி வளர்க்கிறாரு!"

கூட்டம் சிரித்தது. நல்ல சிரிப்பு, வாய்விட்டுச் சிரித்தது.

"சரி விடுங்க, பழகின தோஷத்துக்கு நானே எடுத்துடறேன்," என்று ராசமாணிக்கம் குனிந்து செடியை அடித்தண்டில் பிடித்தார்.

மாறன் அழவில்லை. ராசமாணிக்கத்தைப் பார்க்கவும் இல்லை. அப்பாவைப் பார்த்தான்.

பூங்கோதையின் கையில் செருப்பு அப்படியே நின்றது.

அருணகிரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வந்த வேகத்தில் யாரோ ஒருவரின் விதைத் தட்டு சரிந்தது.

"கையை எடுங்க."

"என்னாங்க இது? வெறும் களைங்க!"

அருணகிரி மாறனைத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டார். முழங்கை வரைக்கும் சேற்றோடு நிற்கிற பிள்ளையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தண்ணீர்க் குடத்தோடு படியில் நின்ற வேதவல்லியைப் பார்த்தார். ஊரே கேட்கட்டும் என்று குரலை உயர்த்திச் சொன்னார்.

"தெரியும்யா. எங்க தோட்டத்துக்கு இப்பத்தான் களை வந்திருக்கு."